இன்னோர் இலை போடுவோம்

(பாஸ்கா காலம், மூன்றாம் ஞாயிறு - 4.5.2025 - வானொலி மறையுரை)
நற்செய்தி: யோவான் 21:1-19



இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரின் பெயரே நெருப்பெரிச்சல். திருப்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் பேருந்தின் பெயர்ப்பலகையில் இதைப் படித்துவிட்டு, "இப்படியும் ஓர் ஊரா?" என்று சிரிப்பதுண்டு. நெருப்பும் எரிச்சலும் சேர்ந்த பெயர். சோறு பொங்குவதும் நெருப்பில்தான், வீடு எரிவதும் நெருப்பில்தான். எரிச்சல் என்றாலோ, நமக்குப் பழக்கமில்லாத ஒருவரைப் பக்கத்தில் பார்த்ததும் உள்ளுக்குள் மூளுகிறதே, அதற்கும் அந்தப் பெயர்தான்.

இன்றைய நற்செய்தியிலும் ஒரு நெருப்பு எரிகிறது.

சீமோன் பேதுருவும் மற்றச் சீடர்களும் இரவு முழுவதும் திபேரியக் கடலில் வலை வீசினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுக் கூலி இல்லாமல் வருகிறவர்கள். விடியும் வேளையில் கரையில் ஒருவர் நிற்கிறார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை போட்டதும் 153 பெரிய மீன்கள். ஆனால் அவர்கள் கரையேறிப் பார்க்கும்போது அங்கே ஏற்கெனவே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. சாவை வென்ற ஆண்டவர் தம் கையால் சமைத்து வைத்துக்கொண்டு, வந்து சாப்பிடும்படி அவர்களைக் கூப்பிடுகிறார். பேதுருவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவரிடம் இருந்தன. ஒப்படைக்க வேண்டிய பொறுப்பும் இருந்தது. அதையெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேசினார்.

யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு வேறோர் இடத்திலும் வருகிறது. அது தலைமைக் குருவின் வீட்டு முற்றம். குளிரான இரவு. காவலர்களோடு பேதுருவும் நின்று குளிர்காய்கிறார். அந்த நெருப்பின் அருகேதான், தமக்கும் இயேசுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

ஆக, நற்செய்தியில் இரண்டு நெருப்பு. ஒன்றின் அருகே ஒரு மனிதன் இன்னொருவரைத் தெரியாது என்றான். மற்றொன்றின் அருகே, அப்படிச் சொன்னவனுக்கே சோறு போடப்பட்டது. நெருப்பெரிச்சலில் வாழும் நாம் மூட்டுவது எந்த நெருப்பு? இன்று இதைச் சிந்திப்போம்.

நம் அன்பியத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதன் முதல் பகுதி நமக்கு வெட்கம் தருவதுதான்.

நம் ஞாயிறு திருப்பலிக்கு மூன்று இளைஞர்கள் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒடிசா மாநிலம் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர்கள். அந்த மாவட்டத்திலும், அதை ஒட்டிய ஜார்க்கண்டின் சிம்டேகா, கும்லா பகுதிகளிலும் தலைமுறைகளாகக் கத்தோலிக்கராய் வாழும் பழங்குடி மக்கள் ஏராளம். நம்மில் பலருக்கு இது தெரியாது. தன்பாத் - ஆலப்புழா ரயிலில் ரூர்கேலாவில் ஏறினால், ஏறக்குறைய இரண்டு நாளில் திருப்பூர். இங்கே பனியன் கம்பெனியில் ஒருவர் அயர்ன், இருவர் பேக்கிங். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். ஞாயிறு ஒரு நாள்தான் அவர்களுடைய நாள். அதில் காலை வேளையை ஆண்டவருக்குக் கொடுத்தார்கள்.

கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். நம் பாடல்கள் தெரியாது, செபங்களும் தெரியாது. நற்கருணை வாங்குவார்கள், இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுவார்கள். எட்டு மாதம் இப்படியே நடந்தது. நம்மில் ஒருவர்கூட அவர்கள் பெயரைக் கேட்கவில்லை. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டோம், ஒரே வாசல் வழியாக வெளியே வந்தோம், அவரவர் வழியில் போனோம். மதியம் நம் வீடுகளில் கறிக்குழம்பு கொதித்தது.

ஒரு ஞாயிறு, நம் அன்பியத்துப் பாட்டி ஒருவர் வாசலில் அவர்களை நிறுத்தினார். "சாப்டீங்களாப்பா?" என்றார். "சாப்டாச்சு" என்றார்கள். பாட்டி விடவில்லை. "என்னப்பா சாப்டீங்க?" அதற்கு அவர்களிடம் தமிழ் இல்லை. ஒருவர் டீ குடிப்பதுபோல் கையால் காட்டினார். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினார்.

"சாப்டாச்சு" என்பது அவர்கள் இங்கே வந்து முதலில் கற்றுக்கொண்ட தமிழ். யாராவது கேட்டால் அப்படிச் சொல்லிவிட வேண்டும், அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று பழகியிருக்கிறார்கள். நாமும் பெரும்பாலும் அந்தப் பதிலை எதிர்பார்த்துத்தானே அந்தக் கேள்வியைக் கேட்கிறோம்?

அடுத்த ஞாயிறு அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கப் பாட்டி விரும்பினார். மகன் தயங்கினார். "யாரு, என்னன்னு தெரியாம எப்படிம்மா வீட்டுக்குள்ள கூப்பிடுறது? வீட்டுக்காரர் கேட்டா என்ன சொல்றது?" அவர் தயக்கத்தைக் குறைசொல்ல முடியாது. லைன் வீடு, வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள். அந்தப் பக்கம் இளைஞர்களுக்கும் பயம். எதற்காகக் கூப்பிடுகிறார்கள்? பணம் கேட்பார்களா? ஏதாவது வம்பில் மாட்டிவிடுவார்களா? இரு பக்கமும் நல்லவர்கள்தான். நடுவில் ஆள் இல்லை.

அந்த ஆளாக வந்தவர் நம் அன்பியத்துச் சகோதரி ஒருவர். அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். வேலையிடத்திலேயே இந்தி பழகிக்கொண்டவர். அவர் பாட்டியின் மகனிடம் போனார். "எங்க கம்பெனிப் பசங்கதாண்ணா. எனக்கு நல்லாத் தெரியும். நானும் கூடவே வர்றேன். எனக்கும் சேத்துச் சோறு வைங்க" என்றார். அவ்வளவுதான். கதவு திறந்தது.

பாட்டி கோழிக்குழம்பு வைத்திருந்தார். கை கழுவப் பின்பக்கம் போன ஓர் இளைஞர், அடுப்படி ஓரத்தில் சட்டியில் இருந்த பழைய சோற்றைப் பார்த்துவிட்டு, "பகாளா!" என்று மற்ற இருவரையும் கூப்பிட்டார். ஒடிசாவிலும் சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுவார்கள். அதற்குப் பகாளா என்று பெயர். மார்ச் 20-ஆம் நாளைப் பகாளா நாள் என்று கொண்டாடும் அளவுக்கு அவர்களுக்கு அது பிரியமான உணவு. கோழிக்குழம்பு காத்திருக்க, மூவரும் முதலில் பழைய சோற்றைத்தான் கேட்டார்கள், சின்ன வெங்காயத்தோடும் பச்சை மிளகாயோடும். பாட்டி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகனிடம் சொன்னார்: "இதுல என்னடா வடக்கு, தெற்கு? நம்ம வீட்டுப் புள்ளைங்கடா இது."

அன்புக்குரியவர்களே, வெளியூரிலிருந்து வருகிறவரையும் உள்ளூர் வீட்டையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக இணைத்துவைக்கும் இந்த வேலையைச் செய்ய இன்று உலகில் நிறுவனங்களே இருக்கின்றன. 2012-இல் இஸ்ரயேலின் டெல் அவிவ் நகரில் தொடங்கிய 'ஈட்வித்' அப்படி ஒன்று. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சந்தித்த இரு பெண்கள் தொடங்கிய 'டிராவலிங் ஸ்பூன்' இன்னொன்று. நம் நாட்டு வீடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. சுற்றுலா வருகிறவருக்கு ஓட்டல் சாப்பாடு அலுத்துவிடுகிறது. அந்த ஊர் மக்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆசை. அவர் பதிவு செய்து பணம் கட்டுகிறார். ஒரு வீடு அவருக்காகச் சமைக்கிறது. அந்த வீடு எப்படிப்பட்டது, அடுப்படி சுத்தமாக இருக்கிறதா என்று நிறுவனம் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறது.

இதில் பணம் இருக்கிறதே என்று நாம் முகம் சுளிக்க வேண்டாம். உழைப்பவருக்குக் கூலி உரியது என்று ஆண்டவரே கற்பித்தார். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த நிறுவனம் சமைப்பதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை. வீட்டாருக்கு விருந்தாளியைப் பற்றியும், விருந்தாளிக்கு வீட்டாரைப் பற்றியும் நம்பிக்கை கொடுப்பதுதான் அதன் தொழில். நம் செக்கிங் சகோதரி செய்ததும் அதே வேலைதான்.

தொடக்கத் திருஅவையில் இது ஒரு பணியாகவே இருந்தது. சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, சீடர்கள் அவரை நம்பவில்லை, அஞ்சினார்கள். பர்னபாதான் அவரைக் கூட்டிக்கொண்டு திருத்தூதர்களிடம் போய், இவருக்கு என்ன நடந்தது என்று எடுத்துச் சொன்னார். அன்று பர்னபா நடுவில் நிற்காவிட்டால் பவுல் வாசலிலேயே நின்றிருப்பார். அதே பவுல் பின்னாளில் உரோமையருக்குக் கடிதம் எழுதும்போது, கெங்கிரேயா சபையின் திருத்தொண்டரான பெயிபாவை நல்லமுறையில் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். தமக்கு ஒருவர் செய்ததை அவர் இன்னொருவருக்குச் செய்தார்.

'திதாக்கே' என்னும் மிகப் பழைய திருஅவை நூலில், வழிப்போக்கராக வரும் சகோதரரை எப்படி ஏற்பது என்று தெளிவான நெறிகள் உள்ளன. வருகிறவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கட்டும். ஊரிலேயே தங்க விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும் என்று அது சொல்கிறது. அந்த மக்கள் அன்போடும் இருந்தார்கள், விவேகத்தோடும் இருந்தார்கள். ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்தது. அதற்காக அவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் திருப்பூரே பார்த்தது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் கைப்பேசிகளில் பரவின. எங்கோ, எப்போதோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். காவல்துறை மறுத்தது, அரசு மறுத்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மகனுக்கு என்ன ஆனதோ என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தாய்மார்கள் தவித்தார்கள்.

அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? நம் ஊரில் பல ஆண்டு வேலை பார்த்தும், நம்மில் ஒருவர் வீட்டுக்குள்கூடக் காலடி வைக்காத ஒருவருக்கு, நாம் எப்படிப்பட்டவர்கள் என்று எப்படித் தெரியும்? அவர் பார்த்ததெல்லாம் சூப்பர்வைசரின் குரலும் மளிகைக் கடைக்காரரின் முகமும்தான். நம் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், அந்த வீடியோவைப் பார்த்ததும் முதலில் நமக்கல்லவா போன் செய்திருப்பார்? "வடக்கன்" என்று சட்டென்று சொல்லிவிடுகிற நம் வாயும், அவர் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிச் சொல்லுமா? நற்செய்தியின் முதல் நெருப்பு, தெரியாது என்று சொல்லிக் குளிர்காயும் அந்த நெருப்பு, இப்படித்தான் ஊருக்குள் பரவுகிறது.

நாம் யார் என்பதையும் நினைத்துப் பார்ப்போம். நம் பங்கில் எத்தனை பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள்? சிவகங்கை, திண்டுக்கல், தேனி, தஞ்சாவூர், நெல்லை என்று பிழைப்புத் தேடி வந்தவர்கள்தானே பெரும்பாலோர்? ஒரு துணிப்பையும், தெரிந்தவர் முகவரி எழுதிய ஒரு சீட்டுமாக இறங்கியவர்கள் நாம். எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள், ஆகவே உங்களிடையே தங்கும் அந்நியரை உங்களைப்போல் நேசியுங்கள் என்று லேவியர் நூலில் இறைவன் கட்டளையிடுகிறார். இந்த ஊரின் வாழ்வே வந்தவர்களால் மலர்ந்த வாழ்வு. 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் பனியன் வாங்க இங்கு வந்ததைத்தான் திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக்குத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். வந்தவரை நம்பித் தைத்த ஊர் இது.

2025 ஏப்ரல் 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ், 2013 ஜூலையில் உரோமைக்கு வெளியே மேற்கொண்ட முதல் பயணமே, கடல் கடந்துவரும் அகதிகள் கரையேறும் லாம்பெதுசா தீவுக்குத்தான். அவர் ஏற்படுத்திய வறியோர் உலக நாளன்று, 2017-இல், வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கில் ஏறக்குறைய 1,500 ஏழைகளோடு உட்கார்ந்து மதிய உணவு உண்டார். அவர்களுக்கு உணவை அனுப்பி வைத்திருக்கலாம். அவர் கூட உட்கார்ந்தார்.

நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, ஒவ்வோர் அன்பியத்திலும் ஒரு பர்னபா வேண்டும். நம் கம்பெனியில், நம் வரிசை வீடுகளில் இருக்கும் வெளிமாநிலத்தவரை நேரில் தெரிந்த ஒருவர் இரு பக்கமும் பேசட்டும். ஒருவரைத் தனியாக அழைப்பதைவிட இருவர் மூவராக அழைப்பது அவர்களுக்கும் தைரியம், நமக்கும் நல்லது. விடுதியில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள் என்றால், விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லி, குடும்பமாகப் போய் அழைத்து வந்து, குடும்பமாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். என்ன சாப்பிடுவார்கள், என்ன சாப்பிட மாட்டார்கள் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவது, பார்சல் கட்டிக் கொடுப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். 2020-இல் ஊரடங்கு வந்தபோது நம் குடும்பங்கள் பொட்டலம் கட்டி வீதி வீதியாகக் கொடுத்தன. அது அன்றைக்குத் தேவையான அறம். ஆண்டவர் அதை மறக்கமாட்டார். ஆனால் பொட்டலம் வாங்கியவர் பெயர் நமக்குத் தெரியாது. விருந்து என்ற நம் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். தெரிந்தவர் வந்தால் அது உறவு. புதியவர் வந்து நம்மோடு உட்கார்ந்தால்தான் அது விருந்து. புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். மதம் கேட்க வேண்டாம். அவர்களில் இந்துக்களும் இசுலாமியரும் நிறையப் பேர். மம்ரே தோப்பில் வந்து நின்ற மூவரையும் யார் என்று கேட்காமலேதான் ஆபிரகாம் ஓடிப்போய் வரவேற்றார், சாரா அப்பம் சுட்டார்.

மூன்றாவதுதான் நமக்குக் கடினமானது. அவர்கள் அழைத்தால் நாமும் போக வேண்டும். ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை ஊர் ஊராக அனுப்பியபோது, பணப்பை வேண்டாம், போகிற வீட்டில் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். கொடுப்பவராகவே இருந்தால் நமக்குள் ஒரு மிதப்பு வந்துவிடும். அடுத்தவர் தட்டில் கை வைக்கும்போதுதான் அது இறங்கும்.

அந்தப் பாட்டியின் கதை இன்னும் முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த இளைஞர்கள் அவரைத் தங்கள் அறைக்கு அழைத்தார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர். பகலில் நான்கு பேர் தூங்க, இரவில் நான்கு பேர் தூங்குவார்கள். தூங்குகிறவர்களை அன்று எழுப்பி, அறையைக் கழுவி, பாய் விரித்திருந்தார்கள். பருப்பும் சோறும் உருளைக்கிழங்கு மசியலும். செக்கிங் சகோதரியும் கூடப் போயிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டுத் தம் தாயிடம் பாட்டியைக் காட்டினார். அந்தத் தாய் "ஜெய் யேசு" என்று கும்பிட்டார். பாட்டியும் கும்பிட்டார். இருவருக்கும் அந்த ஒரு சொல்தான் பொது.

மறுநாள் பாட்டி நம்மிடம் வந்து சொன்னார்: "சாமி, நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு. கல்யாணம், காதுகுத்துன்னு பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டிருக்காங்க. சும்மா, சாப்பிட வாங்கன்னு என்னை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல. நேத்துதான் கூப்பிட்டாங்க."

நாம் வாயடைத்து நின்றோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மூவரை மட்டும்தான் நாம் மறந்துவிட்டதாக நினைத்திருந்தோம். முதல் வரிசையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த தாயையும் மறந்துதான் இருந்திருக்கிறோம்.

அன்புக்குரியவர்களே, மே முதல் நாள் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவைக் கொண்டாடினோம். அவரும் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு மொழி தெரியாத எகிப்துக்குப் போய்ப் பிழைத்தவர். அங்கே யாரோ ஒரு வீட்டார் அவர்களுக்குச் சோறு போட்டிருக்க வேண்டும். அந்த வீட்டாரின் பெயர் எந்த நூலிலும் இல்லை, இறைவனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவோம். இன்னோர் இலை போடுவோம். நம் ஊர்ப் பெயரில் இருக்கும் நெருப்பு அடுப்பில் எரியட்டும். எரிச்சல் அணையட்டும்.

மன்றாடுவோம். திபேரியக் கரையில் எங்களுக்காகச் சமைத்துக் காத்திருந்த ஆண்டவரே, உம்மைத் தெரியாது என்று சொன்னவனையும் உம் பந்தியில் உட்கார வைத்தீர். எங்கள் வீதியில் பெயர் தெரியாமல் நடந்துபோகும் உம்மை அடையாளம் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். கதவைத் திறக்கும் துணிவையும், அழைத்தால் போகும் தாழ்ச்சியையும் தாரும். தூர தேசத்தில் பிள்ளைகளை எண்ணிக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு ஆறுதல் அருளும். ஆமென்.